குடை ஒன்று, ஆள் இரண்டு



வெளியூருக்குப் புறப்படுகிறவர்கள் எதை மறந்தாலும் ஒரு வேண்டுதலை மறப்பதில்லை. "சாமி, போய்த் திரும்புகிற வரைக்கும் மழை வரக்கூடாது" என்பதுதான் அது. காசு சேர்த்து, விடுமுறை எடுத்து, பிள்ளைகளைப் பாட்டி பொறுப்பில் விட்டுவிட்டுப் போகிறோம். போன இடத்தில் வானம் பொத்துக்கொண்டால் யாருக்குத்தான் மனம் சோர்ந்து போகாது? அறையில் முடங்கிக் கிடந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சலித்துக்கொண்டு, 'வந்ததே வீண்' என்று திரும்பியவர்கள் பலரை நானறிவேன்.

மழை நாளையும் நல்ல நாளாக்கிக்கொள்ளலாம் என்பதே இந்த மாதம் நான் உங்களோடு பேச வந்த செய்தி. அதிலும் கணவன் மனைவி இருவர் மட்டும், அவசரம் இல்லாமல், அதிகச் செலவும் இல்லாமல். இதற்காக லண்டனுக்கும் பாரிசுக்கும் போக வேண்டியதில்லை. கடற்பாலத்தைத் தாண்டினால் போதும். 1924-இல் திறந்த அந்தப் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனாலும் கடப்பிதழைக் காட்டி நுழைகிற ஊர் வெளிநாடுதானே!

டிசம்பர் மாதம் உறவுக்காரப் பெண் ஒருத்தியின் திருமணத்துக்காகச் சிங்கப்பூர் போயிருந்தோம். திருமணம் ஞாயிற்றுக்கிழமை. நானும் என் கணவரும் வெள்ளிக்கிழமை மாலையே போய், சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சிறிய விடுதியில் தங்கினோம். சனிக்கிழமை முழுநாளும் கையில் இருந்தது. அங்கே வேலை பார்க்கும் என் தம்பி மகன் எங்களுக்காக ஒரு பட்டியலே எழுதி அனுப்பியிருந்தான். மெர்லயன் சிலையில் தொடங்கி செந்தோசா தீவு வரை ஏழு இடங்கள்! "காலை எட்டுக்குக் கிளம்பினால் ராத்திரி பத்துக்குள் எல்லாம் முடிச்சிடலாம் அத்தை" என்றான். தோட்டத்துப் பெரட்டு மணி கூட அத்தனை கண்டிப்பாக அடித்ததில்லை.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர் மழைதான். வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, கிளந்தான், பகாங், ஜொகூர், சிங்கப்பூர் என்று வரிசையாகக் கொட்டிவிட்டுப் போகிறது. சிங்கப்பூரில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல். அதில் டிசம்பர் ஒரு மாதத்துக்கு மட்டும் 300 மில்லிமீட்டருக்கு மேல் பங்கு உண்டு. சில வேளைகளில் இந்தப் பருவமழை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து நின்று பெய்யும். அன்றைய மழை அந்த ரகம்.

நான் சன்னல் ஓரம் நின்று பட்டியலையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னங்க, இப்போ என்ன செய்யறது?" என்று கேட்டேன். அவர் நிதானமாகச் சட்டையை மாட்டிக்கொண்டே, "ஏழு இடமும் எங்கேயும் ஓடிப் போயிடாது டீச்சரம்மா. முதல்ல பசியாறுவோம்" என்றார். எங்களிடம் இருந்தது ஒரே குடை. பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

அந்தக் குடைக்குப் பெரிய வேலை இருக்கவில்லை. காரணம், அஞ்சடி. பழைய கடைவீடுகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதை ஒன்று கடைக்குக் கடை தொடர்ந்து போகுமே, அதைத்தான் சொல்கிறேன். பினாங்கிலும் மலாக்காவிலும் நாம் தினமும் நடக்கிற பாதைதான். 1822-இல் சிங்கப்பூர் நகரத்துக்குத் திட்டம் வகுத்தபோது, ஒவ்வொரு கடைவீட்டின் முன்னும் பொதுமக்கள் நடக்கக் கூரையுள்ள வழி விட வேண்டும் என்று ராஃபிள்ஸ் விதி செய்தார். வெயிலும் மழையும் மாறி மாறி வருகிற ஊருக்கு ஏற்ற விதி. 200 ஆண்டு கழித்தும் எங்கள் இருவர் தலையையும் அது நனையாமல் காத்தது. இந்தக் காலத்திலும் அரசாங்கம் அதே வழியில்தான் போகிறது. ரயில் நிலையத்திலிருந்து அடுக்குமாடிக்கும் பள்ளிக்கும் மருந்தகத்துக்கும் கூரை போட்ட நடைபாதைகளாகவே கட்டி வைத்திருக்கிறார்கள்.

பூமாலை கட்டும் கைகளையும், மளிகைக் கடைச் சாக்குகளையும் பார்த்தபடி தேக்கா சந்தைக்கு வந்து சேர்ந்தோம். மூங்கில் புதரின் அடிவாரம் என்ற பொருள்படும் ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்த பெயர் தேக்கா. ஒரு காலத்தில் இந்த வட்டாரமெல்லாம் மாட்டுப் பட்டிகளும் மாட்டு வியாபாரமுமாக இருந்ததாம். பக்கத்துத் தெரு ஒன்றுக்கு இன்றும் எருமைச் சாலை என்றுதான் பெயர். சந்தையின் உணவங்காடியில் ஆளுக்கு இரண்டு பரோட்டா, ஒரு தே தாரே. கூரைத் தகட்டில் மழை அடிக்கிற சத்தத்தில், பக்கத்தில் இருப்பவர் பேசுவதைக் கேட்க வேண்டுமானால் சற்று நெருங்கித்தான் உட்கார வேண்டும். ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். வீட்டில் பசியாறுவதற்கு எங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம். அதுவும் நான் நின்றுகொண்டே!

அங்கிருந்து கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்குப் போனோம். 2015-இல் திறந்தது. நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும்; திங்கட்கிழமை விடுமுறை. கடல் கடந்து வந்த நம்மவர்களின் கதையை அங்கே மாடி மாடியாக வைத்திருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடொன்றின் மரவாசல் இருக்கிறது பாருங்கள், அதிலே உள்ள சிற்ப வேலையை உட்கார்ந்து பார்க்க ஒரு நாள் போதாது. வெயில் நாளாக இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் கடந்து போயிருப்போம். வெளியே மழை, போக அவசரமில்லை. பழைய நகைகளையும் கடவுச்சீட்டுகளையும் குழுப்படங்களையும் ஒவ்வொன்றாக நின்று பார்த்தோம். "இந்தக் கிழவர் நம்ம மாமா சாயல்" என்று அவர் ஒன்றைக் காட்ட, "இந்த அட்டிகை என் பாட்டி கழுத்தில் இருந்ததுதான்" என்று நான் ஒன்றைக் காட்ட, மதியம் ஆகிவிட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு மழை தூறலாக இளைத்தது. பூமலைக்குப் போகலாம் என்றேன். சிங்கப்பூரின் தாவரவியல் தோட்டத்துக்குத் தமிழர்கள் அந்தக் காலத்தில் வைத்த பெயர் அது. எத்தனை அழகான பெயர்! லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறி, ஸ்டீவன்ஸ் நிலையத்தில் மாறி, நேப்பியர் நிலையத்தில் இறங்கினோம். 2022-இல் திறந்த புது நிலையம் இது. மேலே வந்தால் சற்று தூரத்தில் தோட்டத்தின் வாசல். பூமலைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆர்கிட் பூந்தோட்டத்துக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் வெள்ளி மூன்றுக்கு மேல் எடுத்து வைக்க வேண்டிய காலத்தில், இலவசம் என்ற சொல்லுக்குத் தனி இனிமை உண்டு.

1859-இல் உருவான தோட்டம் இது. பரப்பளவு ஏறத்தாழ 200 ஏக்கர். 2015-இல் யுனெஸ்கோ இதை உலக மரபுடைமை இடமாக அறிவித்தது. பூவும் புல்வெளியும் பார்க்க வருகிறவர்கள் ஆயிரம் பேர். ஆனால் தோட்டப்புறத்து மக்களாகிய நாம் இங்கே வந்து பார்க்க வேண்டியது வேறொன்று. உள்ளே ஹால்டம் மண்டபம் என்ற பழைய மாடி வீட்டில் சிறிய அரும்பொருளகம் ஒன்று இருக்கிறது. நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்ததற்குக் காரணமான கதை அங்கே இருக்கிறது.

பிரேசில் நாட்டுக் காட்டிலிருந்து 1876-இல் ஹென்றி விக்கம் என்பவர் ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனில் உள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அங்கே முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை வெறும் 22 கன்றுகள். அவற்றில் சில பேராக்கின் கோலகங்சாருக்கும் போயின. மலாயாவின் ரப்பர் மரங்களுக்கு இந்தக் கன்றுகளே மூதாதைகள்!

கன்று வளர்ந்தது; அதை வைத்து என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. 1888-இல் பூமலையின் தலைவராக வந்தவர் ஹென்றி ரிட்லி. மரத்தைக் கொத்திக் குதறாமல், பட்டையை மெல்லிசாகச் சீவி, அதே கோட்டில் மறுபடி மறுபடி சீவிப் பாலெடுக்கலாம் என்று பரிசோதித்துக் காட்டினார். மீன் முள் மாதிரிச் சாய்ந்து இறங்கும் வெட்டுக் கோடுகள் அவர் காட்டிய முறை. காப்பி பயிரிட்டுக்கொண்டிருந்த துரைமார்கள் அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரும் விடவில்லை. பார்க்கிறவர்கள் சட்டைப் பையிலெல்லாம் ரப்பர் விதையைப் போட்டு அனுப்புவாராம். 'கிறுக்கு ரிட்லி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பிறகு காப்பி விலை சரிந்தது. மோட்டார் வண்டிக்குச் சக்கர ரப்பர் தேவைப்பட்டது. 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் வணிக முறையில் ரப்பர் நட்டார். அதற்குப் பிறகு நடந்தது நம் குடும்பங்களின் கதை. ரிட்லி மட்டும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, 1956-இல் தம் நூறாவது வயதில் காலமானார்.

இந்தக் கதையைப் படித்துவிட்டு என் கணவர் வராந்தாவில் வந்து நின்றார். மழை மறுபடி வலுத்துவிட்டது. தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு மழை என்றால் என்ன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டை நனைந்தால் பால் கோட்டில் நிற்காது. மரமெல்லாம் வழிந்து ஓடும். மங்கில் தண்ணீர் விழுந்தால் இருக்கிற பாலும் கெடும். ஆகவே மழை நாளில் வெட்டு இல்லை. வெட்டு இல்லை என்றால் நாட்கூலிக்காரருக்குப் பேர் இல்லை. பேர் இல்லை என்றால் மாதக் கடைசியில் கடைக்கணக்கு நிற்கும்.

அவர் இருபத்திரண்டு வயதில் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணியாக வேலைக்குச் சேர்ந்தவர். அந்த வராந்தாவில் நின்றுகொண்டு, நான் இதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

"விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நூறு பேருக்கு மேல் நிற்பாங்க. மழை விடலைன்னா, 'இன்றைக்கு வெட்டு இல்லை'ன்னு சொல்றது என் வேலை. பெரிய கிராணி ஆபீசுக்குள்ளேயே இருந்துக்குவார். நான் சொன்னதும் யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. பேசினாக்கூடத் தேவலை. ஒரு வயசான அம்மா மட்டும் கிட்டே வந்து, 'கிராணி ஐயா, கொஞ்சம் பொறுத்துப் பாருங்க, வெறிச்சிடும்' என்பாங்க. 'வானத்துக்கு நான் கிராணி இல்லையே ஆத்தா' என்பேன். சிரிச்சிட்டுத்தான் போவாங்க. அப்புறம் நான் உள்ளே போய் செக்ரோலில் அத்தனை பேருக்கும் நேரே கோடு போடணும். அந்த ஆத்தா பேருக்கும்தான்."

என் அம்மா பால்மரம் வெட்டியவர். வேறொரு தோட்டத்துப் பெரட்டில், தலையில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக்கொண்டு அப்படி நின்றவர். நனைந்து திரும்பி வந்து, "இன்னைக்குப் பேரு இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைப்பார். அன்றைக்கெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பேச மாட்டோம். நான் பெரட்டுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை. அவர் இந்தப் பக்கத்துக் கிராணி. மழை பெய்கிற காலை வேளைகளில் அவர் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பதை 21 ஆண்டாகப் பார்த்து வருகிறேன். அதன் காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏன் இதற்கு முன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. எப்போது சொல்வார்? காலையில் பள்ளிக்கூடம், மாலையில் பிள்ளைகளின் பாடம், இரவில் நான் திருத்த வேண்டிய நோட்டுப் புத்தகங்கள், அவருக்குத் தோட்டத்துக் கணக்கு. இடையில் பேசுவதெல்லாம் மின்சாரக் கட்டணம், பிள்ளை காய்ச்சல், கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் என்பதுதான். உங்கள் வீட்டிலும் இப்படித்தானே?

மழை ஓய்ந்ததும் மேட்டின் மேலிருக்கும் எண்கோண இசை மண்டபத்துக்கு நடந்தோம். 1930-இல் கட்டியது. அதைச் சுற்றி மஞ்சள் இலை கொண்ட தூங்குமூஞ்சி மரங்கள். வானம் இருண்டாலும் மாலை வந்தாலும் இலையை மடக்கிக்கொள்ளும் மரம் இது. மலாய்க்காரர்கள் இதை 'ஐந்து மணி மரம்' என்று சொல்வார்கள். மணி ஐந்தைத் தொடவில்லை; ஆனாலும் அன்றைய இருட்டை நம்பி மரங்கள் முன்னதாகவே இலை மடக்கி நின்றன. "இதுங்களுக்கு இன்னைக்கு அரைநாள்" என்றார் அவர். இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம்.

மாலையில் சிராங்கூன் சாலைக்குத் திரும்பி வீரமாகாளியம்மன் கோயிலில் விளக்கு வேளைக்கு நின்றோம். சுண்ணாம்புக் காளவாய்கள் பக்கத்தில் இருந்ததால், பழைய தலைமுறை இந்த வட்டாரத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்றே சொல்லும். காளவாயில் வெந்த கூலிக்காரர்கள் கும்பிட்ட அம்மன். ஈரத் தரையில் பாதம் சில்லென்றது. நேர்ந்துகொள்ள எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நன்றி மட்டும் சொன்னேன்.

மறுநாள் கல்யாண வீட்டில் தம்பி மகன், "ஏழில் எத்தனை பார்த்தீங்க அத்தை?" என்று கேட்டான். "ஒன்றுகூட இல்லை" என்றார் என் கணவர், பெருமையாக! பிள்ளை எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தான்.

வாசகர்களே, மழை நாள் பயணத்துக்குச் சில யோசனைகள் சொல்லி முடிக்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். அவற்றில் ஒன்றாவது கூரையுள்ள இடமாக இருக்கட்டும். கூரைக்குள்ளேயே அருவி பார்க்க ஆசையென்றால் சாங்கி விமான நிலையத்துப் பக்கத்தில் ஜுவல் கட்டடத்துக்குப் போகலாம். 2019-இல் திறந்தது. வெளியே பெய்யும் மழைநீரைச் சேர்த்து உள்ளே 40 மீட்டர் உயரத்திலிருந்து விழ விடுகிறார்கள். சுற்றிப் பார்க்கக் காசு வேண்டாம். செருப்பு வழுக்காததாக இருக்கட்டும். ஒரு துண்டும் மாற்றுச் சட்டையும் பையில் இருக்கட்டும். இடி மின்னல் இருந்தால் எந்த மரத்தடியிலும் ஒதுங்காதீர்கள். கட்டடத்துக்குள் போய் நில்லுங்கள். மழை பிடித்த நேரத்தைக் கைப்பேசியைப் பார்த்தே கழிக்காதீர்கள்.

மழையை அந்த ஊர்க்காரர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். சிங்கப்பூரில் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழை, கால்வாய் வழியாக 17 நீர்த்தேக்கங்களுக்குப் போய்ச் சேருகிறது. அதுவும் போதாமல்தான், 1962-இல் செய்த ஒப்பந்தப்படி நம் ஜொகூர் ஆற்று நீரை 2061 வரை வாங்கிக்கொள்கிறார்கள். நம் பயணத்தைக் கெடுக்கிற மழை, அவர்களுக்குக் குழாயில் வரப்போகிற தண்ணீர்.

கடைசியாக ஒரு வார்த்தை, தோட்டத்திலே பிறந்து வளர்ந்த என் சகோதர சகோதரிகளுக்கு. நம் பெற்றோர் மழை நாளில் சும்மா உட்கார்ந்ததுண்டு, ஓய்ந்து உட்கார்ந்ததில்லை. கவலை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். கூலி போகுமே என்ற பயம் இல்லாமல் மழையைப் பார்க்கிற பாக்கியம் நம்மில் பலருக்கு வந்திருக்கிறது. அதை இன்னும் நாம் பழகிக்கொள்ளவில்லை. அடுத்த விடுமுறையில் மழை வந்தால் குடையை எடுங்கள், ஒன்றே போதும். வீட்டுக்காரரையோ வீட்டுக்காரம்மாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாக நடங்கள். முடிந்தால் அம்மாவையும் அப்பாவையும் கூட ஒரு முறை இப்படி அழைத்துப் போங்கள். அவர்களுக்கும் மழையைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருக்கும்.